கைத்திறனும் கைங்கர்யமும்

பிரம்மோத்ஸவ காலத்தில் எம்பெருமான் திருவீதியில் எழுந்தருளும்போது, அடியார்களின் கண்கள் அவனது திருமுகமண்டலத்திலேயே பதிந்துவிடுகின்றன. அதுவே முறையும் ஆகும். ஆயினும் அந்த ஒரு கணத்துச் சேவை எத்தனை கைகளின் வழியாக வந்து சேருகிறது என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்பது நலம். வாழைநாரில் பூத்தொடுத்த கை ஒன்று. திருவாபரணங்கள் நழுவாதபடி நூலிட்டுக் கட்டிய கை ஒன்று. திருக்குடையைக் காற்றின் போக்கறிந்து சாய்த்துப் பிடித்த கை ஒன்று. தீவட்டியில் எண்ணெய் வார்த்த கை ஒன்று. தோளுக்கினியானைத் தாங்கிய தோள்களோ பல. இவற்றுள் ஒன்று தவறினாலும் சேவை குறைபடும். ஒன்றுமே தவறாதபோது, இவற்றுள் ஒன்றையும் எவரும் நினைப்பதில்லை. திறமையின் இயல்பே அதுதான். குறைந்தபோது கண்ணுக்குத் தெரியும், நிறைந்தபோது மறைந்து நிற்கும்.

அத்தொண்டர்களுள் ஒருவரை அணுகி, "இத்துணை அழகாகச் செய்தீரே!" என்று போற்றினால், "அடியேனுக்கு என்ன தெரியும்? எல்லாம் பெருமாள் செயல்" என்னும் மறுமொழியே வரும். வைணவ மரபில் வளர்ந்தோர்க்கு இச்சொல் மூச்சைப் போல் இயல்பானது. ஆனால் இதனை ஒரு வினாவாக வைத்து ஆராய வேண்டிய இடமும் உண்டு. எல்லாம் அவன் செயலானால், பல்லாண்டுகள் பழகிப் பழகி அவர் பெற்ற கைத்திறன் யாருடையது? "எனக்குத் தெரியும்" என்று ஒருவன் சொல்வது அகங்காரமா? "எனக்குத் தெரியாது" என்பது எப்போதும் அடக்கம்தானா? தன்னை முழுவதுமாக எம்பெருமானிடம் ஒப்படைத்தவனுக்குத் தன் கையில் நம்பிக்கை இருக்கலாமா?

இவ்வினா கோயில் மதிலுக்குள் மட்டும் எழுவதன்று. வயலில் மடை திறப்பவனுக்கும், அடுப்படியில் உலை வைப்பவளுக்கும், தறியில் இழை சேர்ப்பவனுக்கும், மலைப்பாதையில் பேருந்து ஓட்டுபவனுக்கும் இதுவே வினா. ஆகவே திருவிழாவிற்கு வந்து கூடியுள்ள அன்பர்கள் சிந்திக்கத் தக்க பொருள் இஃது எனலாம்.

செய்பவன் யார்?

வேதாந்தம் இவ்வினாவைத் தட்டிக் கழிக்கவில்லை. ஜீவாத்மா எதையும் செய்வதில்லை, செய்வதெல்லாம் பிரகிருதியே என்பது சாங்கியர் கொள்கை. அதனை உடையவர் ஏற்கவில்லை. பிரம்ம ஸூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் மூன்றாம் பாதத்திற்கு ஸ்ரீபாஷ்யம் அருளிச்செய்கையில், ஜீவன் கர்த்தாவே என்று அவர் நிலைநாட்டினார். 'இதைச் செய், இதைச் செய்யாதே' என்று சாஸ்திரம் விதிக்கிறது. செய்யும் ஆற்றலே இல்லாதவனை நோக்கி அவ்வாறு விதிப்பது, கல்லை நோக்கிக் கட்டளையிடுவது போலாகும். ஆதலால் செய்பவன் உண்டு, அவன் ஜீவனே.

ஆனால் அடுத்த அடியிலேயே, அந்தக் கர்த்ருத்வம் பரமாத்மாவின் அதீனம் என்றும் நிறுவினார். ஜீவன் முதலில் முயல்கிறான், அந்தர்யாமியாய் நிற்கும் எம்பெருமான் அம்முயற்சியை நோக்கி அனுமதி தருகிறான், செயல் நிகழ்கிறது. இதற்கு அவர் காட்டிய உதாரணம் ஊரில் எவருக்கும் விளங்கக் கூடியது. இருவருக்குப் பொதுவாயுள்ள பொருளை ஒருவன் பிறருக்குக் கொடுக்க விரும்பினால், மற்றவன் சம்மதமின்றிக் கொடுக்க இயலாது. சம்மதம் பெற்றுக் கொடுத்தாலும், கொடுத்ததன் பயன் கொடுக்க முன்வந்தவனையே சாரும். பங்காளியின் ஒப்பமின்றி நிலம் கைமாறாது என்பதை அறிந்த குடியானவனுக்கு, இந்த வேதாந்தத்தை விளக்க வேறொரு பாஷ்யம் வேண்டியதில்லை.

கீதையின் பதினெட்டாம் அத்தியாயமும் ஒரு செயலுக்குக் காரணங்கள் ஐந்து என்று எண்ணிக் காட்டுகிறது. உடல், செய்பவன், கருவிகளான இந்திரியங்கள், பலவகை முயற்சி, ஐந்தாவதாகத் தெய்வம். இவ்வைந்தும் கூடியே செயல் நிறைவேறுகிறது. தன்னை மட்டுமே கர்த்தாவாக எண்ணுபவன் உண்மையைக் காணாதவன் என்று கண்ணன் அங்கே இடித்துரைக்கிறான். இங்கு 'மட்டுமே' என்பதில்தான் கருத்து அடங்கியுள்ளது. ஐந்தில் நான்கை மறைத்து 'நானே' என்பவன் பொய் சொல்கிறான். அவ்வாறே ஐந்தில் ஒன்றான தன்னை மறைத்து 'நான் இல்லவே இல்லை' என்பவனும் உண்மையை முழுமையாகச் சொன்னவன் ஆகான்.

உபாயத்தில் வெறுங்கை, கைங்கர்யத்தில் நிறைகை

அப்படியாயின், சரணாகதிக்கு அதிகாரமாகச் சொல்லப்படும் ஆகிஞ்சன்யம், அதாவது 'என்னிடம் ஒன்றும் இல்லை' என்னும் நிலை என்னாவது என்று ஐயம் எழலாம். இவ்வையம் நீங்குவதற்கு ஒரு வேற்றுமையை உணர்தல் போதும். மோக்ஷத்திற்கு உபாயம் எது என்ற கேள்வியில் ஜீவன் வெறுங்கையன். பூத்தொடுக்கும் திறமோ பாட்டுத் திறமோ வாதத் திறமோ அவனைப் பிறவிக் கடலிலிருந்து கரையேற்றப் போவதில்லை. அங்கே நம்பிக்கை முழுவதும் அவன் திருவடிகளிலேயே வைக்கத் தக்கது.

ஆனால் கைங்கர்யம் உபாயம் அன்று. அது சேஷனுக்குரிய பேறு. பேறான இடத்தில் வெறுங்கையோடு நிற்பது பெருமையாகாது. யஜமானன் வீட்டு வாசலில் உணவு வேண்டி நிற்கும்போது 'என்னிடம் ஒன்றும் இல்லை' என்பது பொருந்தும். அவன் அழைத்து உள்ளே அமர்த்தி, 'இந்த வேலையைப் பார்' என்று சொன்ன பிறகும் அதே சொல்லைச் சொல்லிக் கொண்டிருந்தால், அஃது அடக்கம் என்னும் போர்வையைப் போர்த்த சோம்பலே. முன்னதில் தன் திறமையைக் கொண்டுவந்து வைப்பது குற்றம். பின்னதில் அதை ஒளித்து வைப்பது குற்றம்.

இளையபெருமாளின் மண்வெட்டி

இவ்விரண்டும் ஒருவரிடத்தே முரணின்றிப் பொருந்தி நிற்பதை ஸ்ரீராமாயணம் இளையபெருமாளிடம் காட்டுகிறது. அயோத்தியை விட்டுப் புறப்படும்போது, எல்லாப் பணிகளையும் தாமே செய்வதாக அவர் இராமபிரானிடம் விண்ணப்பித்தார். அப்போது தாம் எடுத்து வருவதாகச் சொன்னவை நாணேற்றிய வில் மட்டுமல்ல. மண்வெட்டியும் கூடையும் கூட. சக்கரவர்த்தியின் மகன் மண்வெட்டியைத் தோளில் சுமப்பதாகத் தானே முன்வந்து சொல்கிறான் என்பது ஊன்றி நோக்கத் தக்கது.

பஞ்சவடியை அடைந்ததும், பர்ணசாலை அமைப்பதற்குத் தக்க இடத்தைப் பார்க்குமாறு இராமபிரான் அவரைப் பணித்தான். இளையபெருமாள் கைகூப்பி, தாம் பரதந்திரர் என்றும், உகந்த இடத்தைப் பெருமாளே காட்டி 'இங்கே கட்டு' என்று நியமிக்க வேண்டும் என்றும் வேண்டினார். இடத்தைத் தேர்வதில் தம் விருப்பத்தை அறவே விட்டார். இடம் காட்டப்பட்ட பின்னரோ, 'அடியேனுக்குக் கட்டத் தெரியாது' என்று சொல்லவில்லை. மண்ணைக் குவித்துச் சுவர் எழுப்பினார், தூண் நட்டார், நீண்ட மூங்கில்களை மேலே பரப்பினார், வன்னிக் கிளைகளைக் கயிற்றால் இறுகக் கட்டினார், நாணலும் தருப்பையும் இலையும் கொண்டு வேய்ந்தார், தரையைச் சமன் செய்தார். அதன்பின் கோதாவரியில் நீராடி, மலர்கொண்டு செய்யத்தக்க சாந்திகளையும் செய்து முடித்தே பெருமாளை அழைத்துக் காட்டினார்.

கண்ட இராமபிரான் மகிழ்ந்து, இவ்வரிய செயலுக்குக் கைம்மாறாகத் தன்னிடம் இருப்பது இதுவே என்று அவரை ஆரத் தழுவிக் கொண்டான். பாரதந்திரியம் என்பது கையைக் கட்டிக் கொண்டு நிற்பதன்று. விருப்பத்தை அவனுக்கு விட்டு, திறமையைத் தான் சுமப்பது என்பதே இந்நிகழ்ச்சியின் உட்பொருள்.

தன் அளவை அறிதல்

நம்பிக்கைக்கும் கர்வத்துக்கும் உள்ள எல்லையை அறிவதற்குத் தென்கடற்கரையில் கூடிய வானர சபையைக் காட்டிலும் நல்ல இடம் இல்லை. நூறு யோசனைக் கடலைத் தாண்டுவார் யார் என்று அங்கதன் கேட்டான். கஜன் பத்து யோசனை தாண்டுவதாகச் சொன்னான். கவாட்சன் இருபது என்றான். இவ்வாறே ஒவ்வொருவரும் தத்தம் அளவைச் சொல்ல, அது எண்பது வரை ஏறியது. முதியவரான ஜாம்பவான் தொண்ணூறு என்றார். திரிவிக்கிரமனாய் எம்பெருமான் உலகளந்த காலத்தில் அவனை வலம்வந்தவர் அவர். ஆயினும் பழம்பெருமையைக் கூறி நூறு என்று கூட்டிச் சொல்லவில்லை. முதுமையைச் சொல்லி ஒதுங்கவும் இல்லை. அங்கதனோ, போவது நூறும் இயலும், மீள்வது ஐயம் என்றான்.

பத்து யோசனை என்று சொன்னவனை அச்சபை எள்ளி நகைக்கவில்லை. அவனும் பத்தை இருபதாக்கவில்லை. ஒருவன் தன் அளவை உள்ளபடி சொல்லும்போது, அது கூடியிருப்பினும் குறைந்திருப்பினும், அங்கே அகங்காரத்திற்கு இடமில்லை. அகங்காரம் அளவை மிகைப்படுத்துவதில் இருக்கிறது. பொய்யடக்கம் அளவைக் குறைத்துச் சொல்வதில் இருக்கிறது. இரண்டும் உண்மையினின்று விலகியவையே. இச்சபையில் எவரேனும் ஒருவர் பொய்யளவு சொல்லியிருந்தால், அதன் விலையைக் கடலுக்கு அப்பால் அசோகவனத்தில் சிறையிருந்த பிராட்டியன்றோ கொடுத்திருப்பாள்!

அந்தச் சபையில் வாய் திறவாது தனித்திருந்தவர் ஒருவர். அவர்தாம் சிறிய திருவடி என்று பெரியோர் போற்றும் அனுமன். ஆற்றல் மிக்கவர் அதை மறந்திருந்தார். ஜாம்பவான் அவர் அருகே சென்று, பிறப்பையும் இளமையில் கதிரவனை நோக்கிப் பாய்ந்த வரலாற்றையும் எடுத்துரைத்த பின்னரே அவர் உருவம் வளர்ந்தது. கடலைத் தாண்டியவர் அனுமனே. எனினும், அத்தாண்டலுக்கு வித்திட்ட சொல் ஜாம்பவானுடையது.

மகேந்திர மலையில் கால் ஊன்றி நின்றபோது அனுமன் சொன்ன உவமையில் முன்னர்க் கண்ட வேதாந்தம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இராகவன் விடுத்த அம்பு செல்வது போலத் தாம் இலங்கைக்குச் செல்வதாக அவர் சொன்னார். அம்பின் வேகம் பொய்யன்று. அது மெய்யாகவே பாய்கிறது, இலக்கைத் தைக்கிறது. ஆனால் அவ்வேகம் வில்லாளியின் கையிலிருந்து வந்தது. 'என்னால் முடியும்' என்பதும் 'அவனால் முடிந்தது' என்பதும் ஒரே வாக்கியத்தில் அமைதியாக அமர்ந்த இடம் அதுவே.

நளனின் செய்தியும் இங்கு நினைக்கத் தக்கது. விசுவகர்மாவின் மகனான அவனுக்கு அணை கட்டும் திறம் இருப்பதைக் கடலரசன் சுட்டிக்காட்டிய பின்னரே அவன் எழுந்து, தனக்கு அது தெரியும் என்றும், கேளாதபோது தன் குணத்தைத் தானே பேசலாகாது என்பதால் சொல்லவில்லை என்றும் கூறினான். கேட்பதற்கு முன் அடக்கம். கேட்ட பின் தயக்கமின்மை. அளவு நூல் பிடித்துக் கட்டப்பட்ட அவ்வணை முதல் நாள் 14 யோசனையும், பின் முறையே 20, 21, 22, 23 யோசனைகளுமாக ஐந்து நாளில் நூறு யோசனை நிறைந்தது. நாளுக்கு நாள் வேலை ஏறிய இக்கணக்கு, பழகப் பழகக் கை தேறும் என்பதற்கும் சான்றாகும்.

உப்பும் கட்டையும்

இதிகாசத்தில் கண்ட இவ்வுண்மையை எந்தத் திவ்யதேசத்துத் திருமடைப்பள்ளியிலும் இன்றும் காணலாம். வீட்டில் சமைப்பவர் உப்புப் பார்த்து, குறைந்தால் சேர்த்துக் கொள்ளலாம். எம்பெருமான் அமுது செய்வதற்கு முன் தளிகையை ருசி பார்ப்பதும் முகர்வதும் கூடா. வாய்க்குத் துணி கட்டிக் கொண்டே தளிகை செய்யும் வழக்கமும் சில தலங்களில் உண்டு. ஆதலால் மடைப்பள்ளிப் பரிசாரகருக்கு நாக்கு துணையில்லை, கையே துணை. அரிசியின் அளவைக் கண்ணால் கண்டு, பிடி உப்பைக் கையால் அறிந்து இடுகிறார். இட்ட பின் ஐயம் வந்தாலும் சோதிக்க வழியில்லை. சரியாக இருந்ததா என்பது பிரசாதம் பெற்ற அடியார்களின் முகத்தில்தான் அவருக்குத் தெரியவரும். தன் கையில் நம்பிக்கை இல்லாதவன் ஒரு நாளும் அவ்வடுப்பின் முன் நிற்க இயலாது. ஆனால் அந்நம்பிக்கையின் முழுப் பயனும் தான் முதலில் சுவைக்காமல் பிறர்க்குக் கொடுப்பதில் முடிகிறது. நம்பிக்கையும் தன்னலமின்மையும் ஒரே கைப்பிடி உப்பில் கூடியிருக்கும் விந்தை இது.

காஞ்சிப் பேரருளாளன் ஸந்நிதியில் அமுது செய்விக்கப்படும் இட்டலியை அறியாதார் இலர். மூங்கில் குடலையில் மந்தாரை இலையைப் பரப்பி, மிளகும் சீரகமும் சுக்கும் பெருங்காயமும் சேர்ந்த மாவை வார்த்து நெடுநேரம் ஆவியில் வேகவைப்பார்கள். உள்ளே வெந்ததா என்று பிட்டுப் பார்க்க முடியாது. ஆவியின் போக்கும் நேரத்தின் அளவும் கண்டு இறக்குவதே திறம். உண்பவர்க்குச் சுவை தெரியும். அந்தக் காத்திருப்பு தெரியாது.

திருத்தேரின் அருகில் செல்வோர் இன்னொரு தொழிலைக் காணலாம். வடம் பிடிப்போர் பல நூற்றுவர். தேரின் முன்னே மேளமும் கோஷமும். சக்கரத்தின் அடியிலோ, கையில் கட்டையுடன் ஓரிருவர் குனிந்த நிலையிலேயே தேரோடு நடந்து வருகின்றனர். பேச்சு வழக்கில் 'முட்டுக்கட்டை போடுதல்' என்றால் நல்ல காரியத்தைக் கெடுத்தல் என்று பொருள். ஆனால் தேர் நேரே செல்வதும், வீதி முனையில் திரும்புவதும், மக்கள் மேல் ஏறாமல் நிற்பதும் அந்தக் கட்டையால்தான். எந்தச் சக்கரத்தில், எந்தச் சாய்வில், எந்தக் கணத்தில் இடுவது, எப்போது கையை இழுத்துக் கொள்வது என்பதை அவர்கள் நூலில் படித்து அறியவில்லை. தந்தையின் பின்னே நடந்து அறிந்தார்கள். இரும்புச் சக்கரம் பொருத்திய தேர்களிலும் கட்டை போடுவோரின் பணி நீங்கவில்லை. இழுப்பவர்களின் வலிமை தேரை நகர்த்துகிறது; கட்டை இடுபவரின் அறிவு தேரை நிலைக்குக் கொண்டு சேர்க்கிறது. வசைச்சொல்லாகிவிட்ட ஒரு தொழிலின் பெருமை இது.

ஸ்ரீபாதம் தாங்குவோரின் நடையும் அத்தகையதே. உயரம் ஒத்தவர்களாகப் பார்த்துத் தண்டின் கீழ் நிற்க வேண்டும். திரும்புமிடத்தில் உட்புறத்தார் அடியைச் சுருக்கவும் வெளிப்புறத்தார் அடியை நீட்டவும் வேண்டும். திருவரங்கத்தில் நம்பெருமாள் சிம்ம கதியில் புறப்படுவதும், இராப்பத்தின் எட்டாம் நாள் வேடுபறியில் குதிரை வாகனத்தில் மணல்வெளியில் வையாளி கண்டருள்வதும் காணக் கிடைக்காத காட்சிகள். ஓடுவது பொற்குதிரையன்று, மனிதக் கால்களே என்பது அக்கணத்தில் எவர் நினைவிலும் எழாது. நினைவில் எழாதபடி செய்ததே அவர்களின் வெற்றி.

ஒரு துறையில் வல்லவர், பிறிதொரு துறையில் மாணவர்

ஒரு துறையில் தேர்ந்தவன் எல்லாத் துறைகளிலும் தேர்ந்தவன் ஆகான். இதனை மறக்கும்போதுதான் கற்றவன் தொழிலாளியை இகழ்கிறான். தொழிலாளியும் தன்னையே இகழ்ந்து கொள்கிறான்.

1017ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த உடையவர், காஞ்சியில் வாழ்ந்த காலத்தில் சாலைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் பேரருளாளனுக்குத் தீர்த்தம் சுமந்தார். வேதாந்த விசாரத்தில் ஒப்பற்ற அவர், தம் உள்ளத்தில் இருந்த ஐயங்களுக்கு விடை வேண்டி, பேரருளாளனுக்கு ஆலவட்டம் வீசிக் கைங்கர்யம் செய்துவந்த திருக்கச்சி நம்பிகளிடம் சென்றார். அந்நாளில் குலத்தையும் கல்வியையும் நோக்கி ஏற்றத்தாழ்வு பேசியவர்கள் இருந்தனர். உடையவரோ, விசிறி பிடித்த அக்கை எம்பெருமானுக்கு எத்துணை நெருங்கிய கை என்பதையே நோக்கினார். ஆறு வார்த்தைகள் என்று சம்பிரதாயம் போற்றும் விடை அந்த வழியாகவே உலகிற்குக் கிடைத்தது.

வேதாந்த தேசிகரைப் பற்றித் திருவஹீந்திரபுரத்தில் வழங்கும் செய்தியும் இதற்கு இணையானது. ஸர்வதந்த்ர ஸ்வதந்த்ரர் என்னும் அவரது விருதைக் கண்ட கொத்தர் ஒருவர், அப்படியானால் ஒரு கிணறு கட்டிக் காட்டுக என்றாராம். ஒழுங்கற்ற செங்கற்களையே கொடுத்தாராம். தேசிகர் அவற்றைக் கொண்டே கிணற்றைக் கட்டி முடித்தார் என்பது ஐதிகம். அக்கிணறு இன்றும் அங்கே காட்டப்படுகிறது. அவரது வெற்றியைச் சொல்லவே இச்செய்தி பேசப்படுகிறது. ஆயினும் அதில் வேறொரு பொருளும் உண்டு. 'இது கொத்தன் வேலை, வேதாந்தி செய்யத் தக்கதன்று' என்று அவர் தட்டிக் கழிக்கவில்லை. செங்கல் அடுக்குவதும் ஒரு தந்திரமே, ஒரு வித்தையே என்பதை ஏற்றுக்கொண்ட பின்னரே அவர் கை மண்ணில் பட்டது.

திருமலையில் மண்ணால் பூச்செய்து சாத்திய குறும்பறுத்த நம்பி என்னும் குயவரின் சரிதமும் அடியார்கள் அறிந்ததே. தொண்டைமான் சாத்திய பொற்பூவுக்கு மேலே அம்மண்பூ திகழ்ந்தது என்பர். நாள் முழுவதும் சக்கரத்தில் மண்ணைச் சுழற்றிய கைக்கு வேறு பூ கிடைக்கவில்லை. தொழிலின் எச்சமான மண்ணே பூவாயிற்று. மதுரா நகரில் கண்ணனுக்கு ஆடை புனைந்தவனும், மாலை தந்த சுதாமனும், சந்தனம் பூசிய கூனியும் புதிதாக ஒன்றையும் கற்று வரவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கைக்குப் பழகியதையே கொடுத்தனர்.

கடப்பாரை கற்பிக்கும் பாடம்

இவ்வழியில் ஓர் இடறும் உண்டு. திருமலையில் குளிரையும் காட்டையும் பொறுத்து எம்பெருமானுக்குப் புஷ்ப கைங்கர்யம் செய்வார் உண்டோ என்று உடையவர் கேட்டபோது, சபை மௌனமாயிருக்க, அனந்தாழ்வான் எழுந்து நின்றார். 'நீரே ஆண்பிள்ளை' என்று உடையவர் உகந்தமையால் அவர் அனந்தாண்பிள்ளை என்று பெயர் பெற்றார். பிறர் தயங்கிய இடத்தில் 'அடியேன் செய்கிறேன்' என்று எழுவதே நம்பிக்கையின் உயர்ந்த வடிவம்.

அவர் நந்தவனத்திற்காக ஏரி வெட்டியபோது கருவுற்றிருந்த அவர் தேவியும் மண் சுமந்தார். இரக்கம் கொண்டு கூடையை வாங்கிச் சுமக்க ஒரு சிறுவன் வந்தான். தம் கைங்கர்யத்தில் பிறர் பங்கு கொள்வதைப் பொறாத அனந்தாழ்வான் கடப்பாரையை வீச, அது சிறுவனின் முகவாயில் பட்டது. பின்னர் ஸந்நிதியில் எம்பெருமானின் திருமுகவாயில் குருதி கண்டு உள்ளம் பதறினார். அங்கே பச்சைக் கற்பூரம் சாத்தப்படுவதற்கு இதுவே காரணம் என்பர். அக்கடப்பாரை திருமலைத் திருவாசலில் இன்றும் காட்சியளிக்கிறது.

அவரது பக்தியில் குறை காண எவருக்கும் தகுதி இல்லை. ஆயினும் அடியார்கள் தங்களுக்காக எடுத்துக் கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்று அதில் இருக்கிறது. 'எனக்குத் தெரியும்' என்பது 'எனக்கு மட்டுமே தெரியும்' என்றும், 'நான் செய்கிறேன்' என்பது 'பிறர் தொடலாகாது' என்றும் மாறும்போது, விரட்டப்படுபவன் எம்பெருமானாகவே இருக்கக் கூடும். தான் கற்ற தொழிலைப் பிறனுக்குக் கற்பிக்க மறுப்பவன், திறமையைக் காப்பவன் ஆகான். அவனோடு அது முடிந்துபோகும்.

வீட்டிலும் வீதியிலும்

கோயிலில் கைங்கர்யம் என்று பெயர் பெறுவது வீட்டில் வேலை என்று மட்டும் பெயர் பெறுகிறது. கைப்பக்குவத்தால் ஊறுகாயை ஆண்டு முழுவதும் கெடாமல் காக்கும் பாட்டியும், புள்ளி வைத்த கணத்திலேயே கோலத்தின் முடிவைக் கண்ணில் காண்பவளும், அழும் குழந்தையின் குரலைக் கேட்டே பசியா வலியா என்று அறியும் தாயும், மேகத்தைக் கண்டு விதைப்பை ஒரு நாள் தள்ளிப்போடும் உழவனும் தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றே நம்பிக் கொண்டிருக்கின்றனர். காரணம், அவர்கள் அறிந்தவற்றுக்குச் சான்றிதழ் இல்லை. அவர்களிடம் 'இதை எப்படிச் செய்தீர்கள்?' என்று கேட்டவரும் இல்லை. படிவம் நிரப்பத் தெரியவில்லை என்று அலுவலகத்தில் தலைகுனியும் அதே மனிதர், வயலில் இறங்கினால் தலைநிமிர்ந்து நடப்பார். ஒரு துறையில் நேர்ந்த தலைகுனிவு பிற துறைகளிலும் பரவிவிடும்போதுதான் கேடு விளைகிறது.

அக்கேடு ஒருவரோடு நிற்பதன்று. தந்தையின் தொழிலைப் பிறர் மதிக்காததைக் கண்ட மகன் அதைக் கற்க நாணுகிறான். தேர்க்கட்டையும் பூக்குடலையும் மடைப்பள்ளிக் கரண்டியும் அடுத்த கையைத் தேடித் தவிக்கும் நிலை பல ஊர்களில் தெரிகிறது. மகன் வேறு தொழிலை விரும்பிச் செல்வது குற்றமன்று. எவரையும் பிறப்பால் ஒரு தொழிலில் பிணித்து வைப்பதும் அறமன்று. ஆனால் நாணத்தால் விட்டுச் செல்வதும் விருப்பத்தால் விட்டுச் செல்வதும் ஒன்றல்ல. அந்த நாணத்தை உண்டாக்கியவர்கள் பார்த்தும் பாராமல் சென்றவர்களே.

ஆகவே, பிறர் திறமையைக் கண்டு சொல்வது முகஸ்துதி அன்று. அது ஜாம்பவான் செய்த தருமம். முகஸ்துதி இல்லாததை ஏற்றிச் சொல்லும். ஜாம்பவானின் சொல் இருப்பதை நினைவூட்டியது. முகஸ்துதி சொல்பவனுக்குப் பயன் தேடும். ஜாம்பவானின் சொல் பிராட்டியின் துயர் தீர்க்கப் பயன்பட்டது. இலங்கையிலிருந்து மீண்ட அனுமனுக்கும் இராமபிரான் தந்தது ஆலிங்கனமே; அப்போது தன்னிடம் உள்ள செல்வம் அனைத்தும் அதுவே என்றான். பர்ணசாலை கட்டிய தம்பிக்குக் கிடைத்த அதே பரிசு, கடல் கடந்த தூதனுக்கும் கிடைத்தது. மண் குழைத்த கைக்கும் மலை தாண்டிய காலுக்கும் எம்பெருமான் வேறு வேறு தராசு வைக்கவில்லை.

திருவிழா நிறைவுற்று ஊர் திரும்பும் அன்பர்கள், தேர் நிலைக்கு வந்த பின் கட்டையைத் தோளில் வைத்து வியர்வை துடைத்து நிற்பவரிடம் ஒரு சொல் சொல்லலாம். தொன்னையில் பிரசாதம் வாங்கும்போது, உப்பு அளவாயிருந்தது என்று பரிசாரகர் காதில் விழச் சொல்லலாம். வீடு சேர்ந்த பின், வழிப்பயணத்திற்குக் கட்டுச்சோறு கட்டித் தந்தவரிடம், இரண்டு நாளும் அது கெடவில்லை என்று சொல்லலாம். "அடியேனுக்கு என்ன தெரியும்?" என்றே அவர்கள் மறுமொழி கூறுவர். கூறினாலும், மறுநாள் காலை அக்கைகள் தம் தொழிலை எடுக்கும்போது சற்றே உறுதியோடு எடுக்கும்.

கொடுத்த திறத்தைக் கொடுத்தவனுக்கே ஆக்கி, பிறர் திறத்தில் அவனையே கண்டு மகிழும் உள்ளத்தை எல்லா அடியார்களுக்கும் எம்பெருமான் அருள்வானாக!